ஆயாவுக்கு ஒரு நாற்காலி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பாதியில் நின்றுபோன ஒரு படம் ஒட்டியிருக்கிறது. இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல நீளம், மேலிருந்து கீழாக நான்கு கட்டங்கள். நான்கிலும் என் கணவரின் ஆயா இருக்கிறார். பக்கத்தில் அவருடைய கொள்ளுப்பேத்தி. தாளில் மஞ்சளும் சிவப்பும்தான் ஏறியிருக்கின்றன. நீலம் ஏறுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. அதனால் ஆயாவின் பச்சைச் சேலை மஞ்சளாகத் தெரிகிறது. பேத்தியின் கருகரு முடி செங்கல் நிறத்தில் இருக்கிறது. ஆயாவின் நரைமுடி மட்டும் இருந்தபடியே வெள்ளையாக இருக்கிறது.

ஆயா 2021-ல் தவறிவிட்டார். அவர் சிரித்தபடி இருக்கும் படம் எங்களிடம் இது ஒன்றுதான்.

வீட்டு விசேஷத்துக்கு ஃபோட்டோ பூத், அதாவது வந்தவர்களைப் படமெடுத்து அங்கேயே அச்சடித்துக் கையில் கொடுக்கும் ஏற்பாடு, வாடகைக்கு எடுக்கலாமா, எடுத்தால் என்ன பார்க்க வேண்டும் என்று இங்கே டர்பனில் என்னிடம் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். நான் இரண்டு முறை எடுத்திருக்கிறேன். முதல் முறை நடந்த தவறெல்லாம் அந்த ஃபிரிட்ஜ் படத்தில் இருக்கிறது. இரண்டாம் முறை அதை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் யோசித்தேன். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலாவது, என் நாத்தனார் மகளின் 21-ஆம் பிறந்தநாள். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: தென்னாப்பிரிக்காவில் நம் குடும்பங்களில் 21-ஆம் பிறந்தநாள் என்றால் கல்யாணத்துக்கு ஒரு படிதான் கீழே. ஹால் பிடிப்பார்கள். பிரியாணி அண்டா ஏறும். மரத்திலோ அட்டையிலோ கை நீளத்துக்கு ஒரு சாவி செய்து, அப்பாவும் அம்மாவும் மேடையில் வைத்துப் பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். இனி நீ பெரியவள், வீட்டுச் சாவி உன்னிடமும் இருக்கட்டும் என்று அர்த்தம். நான் திருவண்ணாமலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இது விநோதமாக இருந்தது. இப்போது அந்தச் சாவியைக் கொடுக்கும் நேரத்தில் எனக்கும் கண் கலங்கிவிடுகிறது.

2019 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு ஹால், 250 பேர். ஃபோட்டோ பூத் ஏற்பாடு என் பொறுப்பு. மூன்று மணி நேரத்துக்கு 3,200 ராண்ட் என்று பேசினேன். விலையைக் கேட்டேன், எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாமா என்று கேட்டேன், படத்தின் கீழே பிள்ளையின் பெயர் வருமா என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். எங்கே வைப்பீர்கள், யார் யார் வருவார்கள், உட்கார இடம் உண்டா, மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு ஹாலில் மிச்சமிருந்த இடம் டிஜேவின் ஸ்பீக்கருக்குப் பக்கத்து மூலை. பூத்தை அங்கே வைத்தார்கள். தரையில் ஒரு சாண் உயரத்துக்கு மேடை போட்டு, அதன் மேல் வெள்ளைத் திரை. நிற்கிற இளவட்டங்களுக்கு ஏற்ற உயரத்தில் கேமரா. போகிற வழியெல்லாம் வயர். ஆயாவுக்கு அப்போது 86 வயது. முழங்கால் வலி. ஸ்பீக்கர் அதிர்வு நெஞ்சில் இடிக்கிறது என்று அந்தப் பக்கமே அவர் திரும்பவில்லை. பிள்ளைகள் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடினார்கள். எட்டு முறை எடுத்த பையன்களும் உண்டு. ஹாலில் இருந்த பெரியவர்களில் பாதிப் பேர், அந்த மூலையில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பிறந்தநாள்காரியே வந்து, “வாங்க ஆயா, நம்ம ரெண்டு பேரும்” என்று கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். மேடை ஏற ஒரு நிமிஷம். கேமராவுக்கு ஆயாவின் நெற்றி மட்டும் தெரிந்ததால் அதைச் சாய்க்க ஒரு நிமிஷம். உட்கார ஒன்றுமில்லை, பேத்தியின் தோளைப் பிடித்தபடி நின்றார். நான்கு முறை பளிச் பளிச் என்றது. நாலாவது வெளிச்சத்துக்கு ஆயா வாய்விட்டுச் சிரித்தார். படம் மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே லோட்ஷெடிங். ஹால் முழுக்க இருட்டு.

இங்கே சுற்று மின்வெட்டுக்கு லோட்ஷெடிங் என்றுதான் பெயர். அந்த வாரம் நாடெங்கும் அதுதான் பேச்சு. மறுநாள் திங்கட்கிழமைதான் முதன்முறையாக ஸ்டேஜ் 6, அதாவது அதுவரை இல்லாத அளவு கடுமையான வெட்டு, அறிவித்தார்கள். டர்பனில் ஒரு முறை போனால் இரண்டு மணி நேரம். ஹால்காரர்களின் ஜெனரேட்டர் விளக்குக்கும் சமையலறைக்கும்தான் ஓடியது. மின்சாரம் திரும்பி வந்ததும் மெஷின் அந்தத் தாளை அப்படியே வெளியே தள்ளிவிட்டது. பூத் பையன் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, ஒன்றைப் பேத்தியிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார். அதற்குள் ஆயாவை வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள்.

மறுபடி அச்சடித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வாரத்தில் எல்லாப் படங்களும் கோப்பாக வந்தன. ஆயா படம் மட்டும் அதில் இல்லை. கேமராவில் கார்டு போடாமல், படத்தை நேரே கணினிக்கு அனுப்பும்படி அமைத்திருந்தார்கள். கணினிக்குப் பேட்டரி கிடையாது. எழுதிக்கொண்டிருந்த கோப்பு மின்சாரத்தோடு போய்விட்டது.

அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். இது மை தெளிக்கிற பிரிண்டர் இல்லை. உள்ளே தாள் ஒரு சுருளாகவும், சாயம் பூசிய ரிப்பன் ஒரு சுருளாகவும் இருக்கும். ரிப்பனில் மஞ்சள், மெஜந்தா சிவப்பு, சயான் நீலம், அப்புறம் நிறமில்லாத ஒரு மேல்பூச்சு என்று வரிசையாக வரும். சூடான தலை ஒன்று ரிப்பனை அழுத்த, சாயம் ஆவியாகித் தாளுக்குள் இறங்கும். ஒரே தாள் நான்கு முறை முன்னும் பின்னும் ஓடும். எல்லாம் சேர்ந்து பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிடும். ஈர மையே இல்லாததால்தான் அந்தப் படங்கள் வெளியே வந்தவுடன் காய்ந்திருக்கின்றன. மேல்பூச்சு விழுவதால் விரல் பட்டாலும் அழியாது. எங்கள் படத்துக்கு மூன்றாவது ஓட்டமும் நாலாவதும் கிடைக்கவில்லை. மேல்பூச்சு இல்லாததால் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் ஒட்டியிருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டுக்கு ஆறு அளவில் வரும் அந்தப் பட்டைப் படம் தனியாக அச்சாவதில்லை. நாலுக்கு ஆறு தாளில் ஒரே படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக அடித்து, நடுவில் மெஷினே வெட்டிவிடும். ஒவ்வொரு முறையும் இரண்டு பிரதி வருவது அதனால்தான். ஒன்று வந்தவர் கையோடு போகும். இன்னொன்றை விசேஷக்காரர் ஆல்பத்தில் ஒட்டி, பக்கத்தில் வந்தவரையே இரண்டு வரி எழுதச் சொல்லலாம். என்னைக் கேட்டால், பூத் எடுப்பதற்கே இதுதான் காரணம். அந்த ஆல்பம் இல்லையென்றால் நான் காசு கொடுக்க மாட்டேன்.

ஏன் ஒரு காகிதப் படத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? என் கணவர் குடும்பத்தின் கதையைச் சொன்னால் புரியும்.

1860-லிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, ஊர், உயரம் என்று எழுதியிருக்கிறார்கள். கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம் என்று ஒரு கட்டம். என் கணவரின் கொள்ளுத்தாத்தாவுக்கு நேரே, இடது முழங்காலில் தழும்பு என்று இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். அவருக்குப் படம் கிடையாது. அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல இன்று உயிரோடு யாரும் இல்லை. முழங்கால் தழும்பு மட்டும் தெரியும்.

அடுத்த தலைமுறைக்குக் கொஞ்சம் படங்கள் இருந்தன. கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஸ்டூடியோக்கள் இருந்த காலம் அது. இப்போது அதற்கு டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் என்று பெயர். பஸ் பிடித்துப் போய், குடும்பத்தோடு விறைப்பாக நின்று எடுத்துக்கொள்வார்களாம். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் அவர்களைக் கிளப்பி, 1964-ல் உருவான சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது, தகர வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றிய தகரப் பெட்டிகளில் ஒன்று வந்து சேரவில்லை. அந்தப் படங்கள் அதில்தான் இருந்தனவாம். ஆயாவிடம் மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான். நேராகப் பார்க்க வேண்டும், சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த படம். கல்யாண வீடுகளில் எடுத்த கூட்டப் படங்களில் அவர் எப்போதும் பின்வரிசை. யாராவது ஒருவருடைய தோளுக்குப் பின்னால் பாதி முகம்.

ஆபீஸ்காரர்களுக்காகப் பதிவானவர்கள் இவர்கள். தங்களுக்காக, தங்கள் கையில் வைத்துக்கொள்ள ஒரு படம் என்பது இந்த வீட்டுப் பெரியவர்களுக்கு அபூர்வம். ஃபோனில் ஆயிரம் படம் எடுக்கிறோம். அதில் ஒன்றைக்கூட அவர்கள் கையில் கொடுப்பதில்லை. அதனால்தான், பூத் வைத்தால் அது முதலில் அவர்களுக்காக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இளவட்டங்கள் மாடிமேல் வைத்தாலும் ஏறி வருவார்கள். தானாக எழுந்து வராதவரை மனதில் வைத்துத்தான் இடம், உயரம், வெளிச்சம் எல்லாம் தீர்மானிக்க வேண்டும்.

சரி, இரண்டாம் முறை. 2024 ஜூன், என் கொழுந்தனார் கல்யாணம். இந்த முறை பூத்தைக் கல்யாண ஹாலில் வைக்கவில்லை. முதல் நாள் இரவு வீட்டில் நடக்கும் நலங்குக்கு வைத்தோம். இங்கே அதை நெலங்கு என்பார்கள். கல்யாணத்தன்று ஃபோட்டோகிராஃபர், வீடியோகாரர், ட்ரோன் எல்லாம் இருக்கும். ஆட்களும் மணமேடையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். சாப்பிட்டுக் கைகழுவியதும் கிளம்பிவிடுவார்கள். நலங்கு அப்படியில்லை. முற்றத்தில் டென்ட் போட்டு, கராஜில் சமையலும் பேச்சுமாக நடுநிசி வரை போகும். எல்லாரும் மஞ்சள் பூசிக்கொண்டு சிரித்தபடி இருப்பார்கள். ஒருவரையொருவர் கிண்டல் செய்ய உரிமையுள்ள உறவுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் இரவு அது ஒன்றுதான். பூத்தை வாடகைக்கு எடுப்பவர்கள் பலரும் ஹாலைத்தான் சொல்வார்கள். நான் நலங்கைத்தான் சொல்வேன்.

இந்த முறை இருவரிடம் விலை கேட்டோம். குறைவாகச் சொன்னவர் ஐபேட் ஒன்றைத் தாங்கியில் மாட்டி வைத்துவிட்டுப் போவார். படம் வாட்ஸ்அப்பில் வரும், காகிதம் கிடையாது. வேண்டாம் என்றேன். மற்றவர் கேமரா, பிரிண்டர், கூடவே நிற்க ஓர் ஆள் என்று 3,600 ராண்ட் கேட்டார். அவரை வீட்டுக்கே வரச் சொல்லி இடத்தைக் காட்டினோம். அவர் அளவு டேப்போடு வந்தார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம் போதும் என்றார். திரைக்கு இரண்டரை மீட்டர் உயரம் வேண்டும். ஆட்களுக்கும் கேமராவுக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை மீட்டர்; கூட்டமாக நிற்க வேண்டுமென்றால் இரண்டு. கராஜின் உள்பக்க மூலை சரியாக வந்தது. டென்டிலிருந்து படியில்லாமல் நடந்து வரலாம். கழிப்பறைக்குப் போகிற வழியும் அதுதான். பெரியவர்கள் எப்படியும் ஒரு முறை கடந்து போவார்கள். இதை அற்பமான விஷயம் என்று நினைக்காதீர்கள். யாரையும் வற்புறுத்தி இழுத்து வராமல், அவர்கள் நடக்கிற பாதையில் பூத் இருப்பதுதான் பாதி வேலை.

நடுவில் இரண்டு நாற்காலிகள். கைப்பிடி உள்ளவை, பிடித்து எழுந்திருக்க வேண்டுமே. கேமராவை உட்கார்ந்தவர் கண் மட்டத்துக்கு, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இறக்கினோம். பெரியவர் உட்கார, பிள்ளைகள் பின்னால் குனிந்தோ பக்கத்தில் மண்டியிட்டோ சேர்ந்துகொள்வார்கள். அப்படி வரும் படத்தில் எல்லா முகங்களும் பெரியவர் முகத்தைச் சுற்றித்தான் அமைகின்றன. நிற்க வைத்து எடுத்தால் அது வராது.

வெளிச்சத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2019 ஆல்பத்தைப் புரட்டினால், எங்கள் குடும்பத்தில் கறுத்த நிறமுள்ளவர்கள் எல்லாரும் கண்ணும் பல்லுமாக மட்டும் தெரிகிறார்கள். வெள்ளைத் திரைதான் காரணம். கேமராவைத் தானியங்கியில் விட்டால், திரையின் வெண்மையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று அது தானாகவே குறைத்துவிடும். திரை அழகாக வரும், முகம் இருண்டுவிடும். எந்த நிறத்தை நடுவில் வைத்து அளவு பார்க்கிறோம் என்பது புகைப்படத் தொழிலின் பழைய கோளாறு. வண்ணப்படக் காலத்தில் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல வருஷம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் படம் சரி என்று கணக்கு.

அதனால் இந்த முறை திரைக்கு ஆழ்ந்த நீலத் துணி. மினுமினுப்பு வைத்த திரையை வேண்டாம் என்றேன். பட்டுச்சேலையின் ஜரிகை அதில் மாட்டி இழுபடும். கேமராவில் எதையும் தானியங்கியில் விடவில்லை. என் சின்ன மாமனார் நல்ல கறுப்பு. என் ஓரகத்தி வெளுப்பு. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு முகமும் ஒழுங்காகத் தெரியும் வரை விளக்கை நகர்த்தினோம். வெளிச்சத்தை மென்மையாக்கும் பெரிய பெட்டி விளக்கு ஒன்று, சற்றே பக்கவாட்டில், தலைக்கு மேல் உயரத்தில். மஞ்சள் பூசிய முகத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நிறச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால், மஞ்சள் அதிகம் என்று நினைத்து கேமரா நீலத்தைக் கூட்டும். எல்லாரும் காய்ச்சலில் எழுந்து வந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பிடித்து, நிறத்தை ஒரே அளவில் நிறுத்தி வைத்தார். மஞ்சள் மஞ்சளாகவே வந்தது.

மார்ச் கடைசியிலிருந்து லோட்ஷெடிங் நின்றிருந்தது. இருந்தாலும் மின்சாரத்தை நான் நம்பத் தயாராயில்லை. இங்கே சுவரில் இருப்பது ஊரில் ஏசிக்கும் மோட்டாருக்கும் போடுகிற அதே பெரிய மூன்று உருண்டைப் பின். பூத்துக்கென்று தனிப் பிளக் ஒன்றை ஒதுக்கினோம். அதிலேயே வடைச் சட்டியையோ தண்ணீர் கொதிக்கும் கெட்டிலையோ மாட்டினால் பிரேக்கர் விழும். கணினியும் பிரிண்டரும் ஒரு யூபிஎஸ் வழியாக. யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது எனக்கு முக்கியமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் படம் முடிய வேண்டும், கோப்பு எழுதி முடிய வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷம் போதும். கேமராவுக்குள்ளேயும் ஒரு கார்டு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுதச் சொன்னேன்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் போட்டேன்: எங்கள் படங்களை விளம்பரத்துக்கு இணையத்தில் போடக் கூடாது, கோப்புகளைக் கொடுத்த ஒரு மாதத்தில் அழித்துவிட வேண்டும். குழந்தைகள் இருக்கிறார்கள், மஞ்சளும் ஈரத் துணியுமாக நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் சட்டம் இந்த நாட்டில் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. நாம்தான் கேட்பதில்லை.

எத்தனை மணி நேரம் எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். உள்ளே வந்து உட்கார, நான்கு படம் எடுக்க, அச்சாக, எழுந்து போக என்று ஒரு குழுவுக்கு இரண்டு நிமிஷம். பெரியவர்கள் என்றால் மூன்று. ஒரு மணி நேரத்துக்கு இருபதிலிருந்து முப்பது குழு. நூற்றைம்பது பேர் வருகிற நலங்குக்கு மூன்று மணி நேரம் தாராளம். ஆனால் சாப்பாடு பரிமாறுகிற முக்கால் மணி நேரம் யாரும் வர மாட்டார்கள். அந்த நேரத்துக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அதனால் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி, பின் இரண்டு மணி என்று பிரித்துக் கேளுங்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள்.

படத்துக்காகக் கையில் பிடிக்கும் வேடிக்கைப் பொருட்களை நானே செய்தேன். வாடகைக்காரர்கள் கொண்டு வரும் பெட்டியில் குச்சி மீசை, பிளாஸ்டிக் தொப்பி, ஆங்கில வாசகப் பலகை என்று இருக்கும். மல்லிகைப்பூ வைத்த தலையில் பத்துப் பேர் போட்ட தொப்பியை யார் மாட்டுவார்கள்? அட்டையில் தமிழில் எழுதினேன். ‘பிரியாணி எங்கே?’, ‘மாப்பிள்ளை எங்க ஆளு’, ‘அடுத்தது நான்தான்’. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பலகையை எடுத்துக்கொண்டு, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்க ஒவ்வொரு பெரியவரிடமாகப் போனார்கள். படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு அன்று பெரிய மவுசு. அவர்களை அப்படியே பூத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள். நான் எதிர்பார்க்காமல் நடந்த நல்ல காரியம் அது.

இன்னொன்று, இரண்டடி உயரத்துக்கு ஒரு ஜாக்கி சீட்டு. இங்கே நம்மவர்கள் ஆடும் சீட்டாட்டத்துக்குத் தண்ணி என்று பெயர். சொல் நம் தமிழ்ச் சொல்லேதான். அதில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல்; 30 புள்ளி. டென்டின் பின்பக்கம் மேஜை போட்டு ஆடிக்கொண்டிருந்த மாமாக்கள் யாரும் படம் எடுக்க வருகிறவர்களில்லை. அந்த ஜாக்கியை ஒரு பையன் தூக்கிக்கொண்டு போய் நின்றதும் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு நால்வரும் எழுந்து வந்தார்கள். ஜெயித்த ஜோடியும் தோற்ற ஜோடியும் தனித்தனியாகவே உட்காருவோம் என்று பிடிவாதம். இரண்டு படமும் ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன.

பூத்தில் கூட நின்ற ஆள் ஓர் இளைஞர், ஜூலு இனத்தவர். வயதான பெண்கள் யார் வந்தாலும் எழுந்து, “சவுபோனா, கோகோ” என்பார். சவுபோனா என்றால் வணக்கம், கோகோ என்றால் பாட்டி. எங்கள் பக்கத்து முதியவர்களில் பலர் ஜூலு பேசுவார்கள். அவர்கள் “யெபோ” என்று பதில் சொன்னபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். பூத் நன்றாக நடப்பதும் நடக்காததும் மெஷினைவிட இந்த ஆளைப் பொறுத்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுப்பாரா, எண்ணிக்கையை ஐந்திலிருந்து தொடங்குவாரா மூன்றிலிருந்தா, முதல் படத்தில் கண்ணை மூடிவிட்ட பெரியவரை இன்னொரு முறை எடுப்பாரா? வாடகை பேசும்போதே, யார் வருவார், அவரோடு ஒரு நிமிஷம் பேசலாமா என்று கேளுங்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் அவருக்கும் தட்டு கொண்டு போனேன். தன் கோகோவுக்கும் பழைய படம் ஒன்றுதான் என்றார். இனவெறி ஆட்சியில் கறுப்பின மக்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த பாஸ் புத்தகத்தில் ஒட்டியிருந்தது. உடனே கையில் வரும் படத்துக்கு இந்த நாட்டில் அப்படியும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1925-ல் அனடோல் ஜோசெஃபோ என்பவர் நியூயார்க் பிராட்வேயில் தானாகப் படமெடுத்துத் தரும் முதல் ஃபோட்டோமேட்டன் மெஷினைத் திறந்தபோது, 25 சென்ட் போட்டால் எட்டு நிமிஷத்தில் எட்டுப் படம் வந்தது. ஜனங்கள் வேடிக்கைக்காக வரிசையில் நின்றார்கள். அதே உடனடிப் படம் இங்கே கறுப்பின மக்களை எண்ணி, நிறுத்தி, திருப்பி அனுப்பும் பாஸ் புத்தகத்துக்கும் போனது. போலராய்டு கம்பெனியின் அடையாளப் படக் கருவி அதற்குப் பயன்படுகிறது என்று 1970-ல் அமெரிக்காவில் அங்கேயே வேலை பார்த்த கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் கண்டுபிடித்துப் போராடத் தொடங்கினார்கள். கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு விலக 1977 ஆயிற்று. இதை நான் சொன்னபோது அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்தார். அப்புறம், கோகோ இன்னும் இருக்கிறார், அடுத்த வாரம் மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றார். அவர் முதலாளி சரியென்றுதான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் என் கணவரின் பெரியம்மா வந்தார். மெரிபேங்கில் இருக்கிறார், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் பெரிமாதான். பெரியப்பா போனதிலிருந்து விசேஷ வீடுகளில் ஓரமாகவே உட்காருவார். நலங்கு வைக்கவும் வர மாட்டார், படத்துக்கும் நிற்க மாட்டார். இதைப் பற்றி அவரிடம் பேசிப் பேசித் தோற்றிருக்கிறோம். கழிப்பறைக்குப் போய்த் திரும்பும் வழியில், நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து, கால் வலிக்கிறதே என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மேல் வெளிச்சம் விழுந்தது. மாப்பிள்ளைப் பிள்ளை மஞ்சள் முகத்தோடு ஓடிவந்து காலடியில் உட்கார்ந்துவிட்டான். “எழுந்திருக்காதீங்க பெரிமா, அப்படியே இருங்க.”

“நான் எதுக்குடா இதுல” என்றார். எழுந்திருக்கவில்லை.

முதல் படத்தில் அவனைப் பார்க்கிறார். இரண்டாவதில் கேமராவைப் பார்க்கிறார். மூன்றாவதில் அவன் தன் கன்னத்து மஞ்சளை எடுத்து அவர் மூக்கில் தடவுகிறான். நாலாவதில் இருவருக்கும் முகமே சரியாகத் தெரியவில்லை; அவ்வளவு சிரிப்பு.

பட்டை வெளியே வந்து விழுந்தது. நீலமும் ஏறியிருந்தது, மேல்பூச்சும் ஏறியிருந்தது. பெரிமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்து, மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில் வைத்து மூடினார். இன்னொரு பிரதியை ஆல்பத்தில் ஒட்டி, பேனாவைக் கொடுத்து ஏதாவது எழுதுங்கள் என்றேன். சின்ன வயதில் சாயங்காலத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர். அறுபது வருஷமாகத் தமிழில் ஒன்றும் எழுதியதில்லை என்றார். பேனாவைக் கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, கோடு போட்ட நோட்டில் எழுதுகிற மாதிரி, ‘நல்லா இரு’ என்று எழுதி, அதன் கீழே ‘பெறிமா’ என்று போட்டார்.

நான் அதைத் திருத்தவில்லை. கல்யாணம் முடிந்து வந்த புதுப் பெண் அந்த ஆல்பத்தைப் புரட்டும்போது, அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ‘பெறிமா’ என்றே அழுத்திப் படித்தாள். பெரிமா உள்ளறையிலிருந்து, “என்னம்மா?” என்று கேட்டபடி வந்தார்.